எங்கே நின்றாய்?

2002ஆம் ஆண்டு, செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. மலேசியாவின் டெங்கிலில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கால் ஆடும் பழைய மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட ஆறு வயது மூத்த அக்கா ஒருவர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாதி எழுதி அடித்துப்போட்ட கணக்குகள்தான் அதில் நிறைந்திருந்தன. நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “நீ எங்கம்மா நின்ன?”

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “எல்லாமே விளங்கலக்கா” என்றேன்.

“எல்லாமேன்னு ஒன்னு கிடையாது. மனுஷன் ஒரு வரியிலதான் நிப்பான். அந்த வரியக் காட்டு.”

பொறியியல் படிப்பில் நான் அப்போது இரண்டாம் ஆண்டு. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாடத்தின் முதல் சோதனையில் 100க்கு 17 வாங்கியிருந்தேன். பி.டி.பி.டி.என். கல்விக்கடனில் படிக்கிற பிள்ளை. தாளை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டியிருந்தாலும் அதில் சிவப்பு மையைத் தவிர வேறெதையும் அவரால் படித்திருக்க முடியாது.

நாங்கள் பிராங் பெசார் தோட்டத்துக்காரர்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் தொடங்கிய தோட்டம் அது. மலாய்மொழியில் ‘பெரிய போர்’ என்று அதற்குப் பெயர் வந்தது அதனால்தான். அங்கே உருவாக்கிய ‘பி.பி.’ வரிசை ரப்பர் கன்றுகள் உலகமெங்கும் நடப்பட்டன. அந்த மரங்களில் என் பாட்டி பால் வெட்டினார். அவருக்குப் பின் அம்மா வெட்டினார். 1990களில் புத்ராஜெயா என்ற புதிய நிர்வாகத் தலைநகர் எழுந்தபோது பிராங் பெசார், செட்ஜ்லி, மேடிங்லி, கேலவே ஆகிய தோட்டங்களின் மக்கள் இடம்பெயர்ந்து டெங்கிலுக்கு வந்து சேர்ந்தோம். லயத்து வாசலில் கோழி வளர்த்தவர்கள் மாடிப்படி ஏறிப் பழகினோம். ஒருபுறம் தொழில்நுட்ப நகரான சைபர்ஜெயா, மறுபுறம் 1998இல் திறந்த அனைத்துலக விமான நிலையம். நாடே தொழில்நுட்பம் என்று பேசிய காலத்தில், அதன் நடுவிலேதான் எங்கள் குடியிருப்பு இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்தின் உள்ளே போகிற வழி எனக்குக் கணக்குப் பாடமாக வந்து நின்றது.

என் கணக்கு மூன்று மொழிகளில் ஏறியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை அது ‘பின்னம்’. இடைநிலைப் பள்ளியில் ‘பெச்சாஹான்’. பல்கலைக்கழகத்தில் ‘ஃப்ராக்‌ஷன்’. பெயர் மாறும்போதெல்லாம் பொருளில் கொஞ்சம் உதிர்ந்துபோயிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. மொழி புரியாததால் கணக்கு வரவில்லையா, கணக்கு வராததால் மொழி மிரட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லவும் வராமல், ‘எல்லாமே விளங்கவில்லை’ என்ற ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன்.

பள்ளிக்காலத்தில் உதவிக்குக் குறையில்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் நாடு முழுக்க எங்கள் பிள்ளைகளை எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்தின. பல்கலைக்கழகக் கடிதம் வந்த நாளில் எங்கள் மாடியே கேசரி கிண்டியது. எல்லாரும் என்னைக் கரைசேர்த்துவிட்டதாக நினைத்தார்கள். ஆனால் விரிவுரை மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்தபோது, கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பது உறைத்தது. ஒருமுறை கை தூக்கிக் கேட்டேன். “இது பள்ளியில் படித்திருக்க வேண்டியது” என்று பதில் வந்தது. சொன்னவர் கடுமையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அதன்பிறகு அந்த மண்டபத்தில் என் கை எழவில்லை.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த மௌனம் புதிதல்ல. ஆபீஸ் வாசலில் நிற்கும்போது பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது “வாயத் தொறக்காத” என்பதுதான். கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக ஆகிவிடும். கேட்டால் தெரியாதவள் என்று ஆகிவிடும். கேட்காமலே எப்படியாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. பாடப்புத்தகத்தின் பயிற்சிகளுக்கெல்லாம் விடை எழுதிய தாள்கள் நகலெடுத்து மாணவர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தன. நானும் ஒரு கட்டு வாங்கினேன். ஓப்பன்ஹைமும் வில்ஸ்கியும் எழுதிய அந்தத் தடித்த புத்தகத்தின் கணக்குகள், வரிவரியாகத் தீர்க்கப்பட்டு என் கையில் இருந்தன. இரவெல்லாம் அழகாகப் பார்த்து எழுதினேன். வீட்டுப்பாடத்துக்கு முழு மதிப்பெண் வந்தது. சோதனையில் 17 வந்தது. விடை கையில் இருந்ததால், நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிப்பார்க்கும் அவசியமே எனக்கு வராமல் போயிருந்தது.

அந்த அக்கா கிள்ளானைச் சேர்ந்தவர். திருமணமாகி எங்கள் குடியிருப்புக்கு வந்தவர். மின்னியல் படித்து முடித்து மேற்படிப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். பிள்ளை அழுகிறாள் என்று அம்மாதான் படியிறங்கிப் போய் அவரிடம் கேட்டார். என் வாழ்க்கையில் எனக்காக முதலில் கேள்வி கேட்டது அம்மா.

அன்று மேசை முன்னால் நான் காட்டிய வரி கன்வல்யூஷனுடையது. இரண்டு வரிசைகளை எடுத்து, ஒன்றைத் திருப்பிப்போட்டு, நகர்த்தி, பெருக்கிக் கூட்ட வேண்டும். செய்முறை தெரியும். “ஏன் திருப்பணும்? அங்கதான்க்கா நிக்கிறேன்” என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடிவிட்டார். “உங்க தோட்டத்துக் கோயில்ல மணி இருந்துச்சா?”

மாரியம்மன் கோயில் மணி. ஓர் அடி அடித்தால் லயம் முழுக்கக் கேட்கும்.

“ஒரு அடி அடிச்சா முதல் நொடியில சத்தம் எட்டுன்னு வை. அடுத்த நொடி நாலு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒன்னு, அப்புறம் அடங்கிடுது. பூசாரி முதல் நொடியும் ரெண்டாவது நொடியும் அடிக்கிறாரு. மூணாவது நொடி விட்டுட்டாரு. நாலாவது நொடி மறுபடி அடிக்கிறாரு. நாலாவது நொடியில உன் காதுல விழறது எவ்வளவு?”

யோசித்தேன். இப்போது அடித்தது புதுசு, அதனால் முழு எட்டு. மூன்றாவது நொடியில் அடியே இல்லை. இரண்டாவது நொடியில் அடித்தது தேய்ந்து இரண்டாகியிருக்கும். முதல் நொடியில் அடித்தது ஒன்றாகியிருக்கும். “பதினொன்னு” என்றேன்.

“புது அடிக்கு எந்தச் சத்தம் கொடுத்த?”

“முதல் சத்தம்.”

“பழைய அடிக்கு?”

“கடைசிச் சத்தம்.”

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. கடைசியாக அடித்த அடியோடு முதல் சத்தம் சேர்கிறது. முதலில் அடித்த அடியோடு கடைசிச் சத்தம் சேர்கிறது. இரண்டு வரிசைகளும் எதிரும் புதிருமாகத்தான் பொருந்துகின்றன. அதனால்தான் ஒன்றைத் திருப்பிப்போடுகிறோம். மாதக்கணக்காக விதியாக மனப்பாடம் செய்திருந்தது, பிறந்ததிலிருந்தே என் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

மணிச்சத்தம் முழுதும் அடங்கும்வரை எல்லா நொடிகளையும் எழுதச் சொன்னார். 8, 12, 6, 11, 5, 2, 1 என்று எழுதினேன். “சரியாக்கா?” என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டவில்லை. “நீயே பாரு. ஒரு அடியோட மொத்தச் சத்தம் பதினஞ்சு. மூணு அடி. மொத்தம் எவ்வளவு வரணும்?” நாற்பத்தைந்து. என் வரிசையைக் கூட்டினேன். நாற்பத்தைந்து. என் விடை சரி என்று இன்னொருவர் சொல்லாமல் நானே கண்டுகொண்ட முதல் கணக்கு அது.

அடுத்த வாரம் வேறொரு வரியில் நின்றேன். அதே பாடத்தில் வரும் இசட் உருமாற்றத்தைத் திரும்ப எடுக்கும் கணக்கு. அக்கா நான் எழுதியதை ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்துக்கொண்டே வந்து, “உனக்கு இசட் உருமாற்றம் தெரியாம இல்ல. பின்னத்தப் பிரிக்கத் தெரியல” என்றார். பகுதிப் பின்னம் பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டிய பாடம். விரிவுரையாளர் சொன்னது சரிதான். ஆனால் எந்தப் பாடம் என்று காட்டிக்கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து இறங்கிவர ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அக்கா ஒரு தாளில் எழுதினார்: அரையிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று. மூன்றில் ஒன்றிலிருந்து காலைக் கழித்தால் பன்னிரண்டில் ஒன்று. “ரெண்டையும் மூணையும் பெருக்கினா ஆறு. மூணையும் நாலையும் பெருக்கினா பன்னிரண்டு. கீழே ஒரு பெருக்கல் இருந்தா, அதை ரெண்டு தனிப் பின்னமாக் கழட்டி எடுக்கலாம். எண்ணு இருக்கிற இடத்துல எழுத்து வந்தாலும் இதே வேலைதான்.”

மாடியிலிருந்து காய்ந்த துணி எடுக்க இறங்கிவந்த பாட்டி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு அவர் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தார்: அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம். சின்ன வயதில் திண்ணைப் பள்ளியில் படித்த தன் அப்பாவிடம் கேட்டுப் பழகிய வாய்ப்பாடு. அக்கா சட்டென்று எழுதுகோலைக் கீழே வைத்தார். ஒவ்வொன்றும் முந்தியதில் பாதி. தேய்ந்துபோகிற மணிச்சத்தம் அதுதான்; எங்கள் பாடப்புத்தகத்தின் பாதிக் கணக்குகளில் வருகிற பெருக்குத் தொடரும் அதுதான். பாதியாகத் தேயும் ஒவ்வொரு படிக்கும் பெயர் வைத்திருந்த மொழியில் பிறந்துவிட்டு, இந்தக் கணக்கு நமக்கு வராது என்று நான் அழுதிருக்கிறேன்.

மூன்றாம் ஆண்டில் டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் வந்தது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒலியை இடைவெளி விட்டு அளந்து எண்களாக்கும் ‘மாதிரி எடுத்தல்’ என்ற இடத்தில் அக்காவாலும் என்னை நகர்த்த முடியவில்லை. “சூத்திரத்தச் சொல்லிடலாம். ஆனா இதக் கையால செஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்” என்றார். அம்மாவின் பெரியப்பா மகன், எனக்கு மாமா, தொலைபேசி நிலையத்தில் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றுப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தார். டெங்கிலிலிருந்து பஸ்ஸில் காஜாங், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல். 2001இல் திறந்த அந்த நிலையத்தின் வாசனைகூட அப்போது புதிதாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் பூமாலைக் கடைகளோடு ஜாலான் துன் சம்பந்தன். 1960இல் தோட்டத் தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரின் பெயர் கொண்ட சாலை. பாட்டி அதில் பங்கு கட்டியவர் என்பதால் அந்தப் பலகையை நான் ஒருமுறைகூடப் பார்க்காமல் கடந்ததில்லை.

மாமா டிகிரி படித்தவரல்ல. மாதிரி எடுத்தல் பற்றி நைக்விஸ்ட் 1928இல் எழுதியதையும் ஷானன் 1949இல் நிறுவியதையும் நான் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “எங்களுக்கு எண்ணாயிரம்மா. ஒரு வினாடிக்கு எண்ணாயிரம் தடவ குரல அளப்போம். ஒவ்வொரு அளவுக்கும் எட்டு பிட்டு. பெருக்கிக்க.” அறுபத்து நாலாயிரம். “அப்படி முப்பத்திரண்டு தடம் ஒரே கம்பியில போகும். அதுல முப்பது, பேசறவங்களுக்கு.” விரிவுரைக் குறிப்பில் வெறும் எண்களாக இருந்தவை, அவர் இரவுப்பணியில் காவல் காத்த மனிதர்களின் பேச்சாக மாறின.

“ஏன் மாமா எண்ணாயிரம்?”

“பேச்சு விளங்க மூவாயிரத்து நானூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் போதும். அதுக்கு ரெண்டு மடங்கு, கொஞ்சம் கைக்காவல் சேர்த்து எண்ணாயிரம். மேல இருக்கிறத முதல்லயே வடிகட்டிடுவோம். அதனாலதான் போன்ல ‘ஸ’வும் ‘ஃப’வும் ஒன்னாட்டம் கேக்குது.”

“வடிகட்டாம விட்டா?”

மாமா தொலைக்காட்சியைக் காட்டினார். பழைய படம், குதிரை வண்டி ஓடியது, சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. திரைப்படக் கருவி வினாடிக்கு 24 படம் எடுக்கிறது. பன்னிரண்டு ஆரம் உள்ள சக்கரம் வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், ஒவ்வொரு படத்திலும் ஓர் ஆரத்தின் இடத்தில் அடுத்த ஆரம் வந்து நிற்கிறது; சக்கரம் அசையாதது போலத் தெரிகிறது. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால் பின்னால் போவது போலத் தெரிகிறது. “வேகமா வர்றத மெதுவா அளந்தா அது வேஷம் போட்டுக்கிட்டு வரும்” என்றார் மாமா. ரயிலில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். எண்ணாயிரம் தடவை அளக்கும் கருவிக்குள் ஐயாயிரம் ஹெர்ட்ஸ் ஒலி நுழைந்தால், மூவாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியாக வெளியே வரும். பிறகு எந்தக் கணக்காலும் அந்த வேஷத்தைக் கலைக்க முடியாது. எது நிஜ மூவாயிரம், எது வந்து கலந்தது என்று தெரியாது. வடிகட்டுவதானால் அளப்பதற்கு முன்பே வடிகட்ட வேண்டும்.

இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பால் ஸ்டோரை நினைத்துக்கொண்டார். வாளி வாளியாகக் கொண்டுபோய் ஊற்றும் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று முழுவதையும் காயவைத்தா பார்ப்பார்கள்? ஒரு கரண்டி மோந்துதான் பார்ப்பார்கள். “ஆனா நல்லாக் கலக்கிட்டு மோக்கணும். கலக்காம மோந்துட்டு, அப்புறம் எவ்வளவு சரியா நிறுத்தாலும் தப்புக் கணக்குத்தான்.” அம்மா சொன்ன மாதிரியெடுப்பு ஒரு வகை, என் பாடத்தின் மாதிரியெடுப்பு வேறு வகை. ஆனால் கொஞ்சத்தை வைத்து முழுசைச் சொல்வதற்கு, எடுக்கும் நேரத்திலேயே காக்க வேண்டிய ஒரு நிபந்தனை உண்டு என்பதை மாமாவும் அம்மாவும் ஒன்றாகத்தான் சொன்னார்கள். அந்த வாரம் நான் எழுதிய ஆய்வுக்கூட அறிக்கைதான் நான் எங்கும் பார்த்து எழுதாத முதல் அறிக்கை.

அந்தப் பாடத்தில் ‘பி’ வாங்கினேன். படிப்பை முடித்தேன். இப்போது தொழிற்சாலை மோட்டார்களின் அதிர்வை அளந்து, எந்தத் தாங்கி எப்போது பழுதாகும் என்று பார்ப்பது என் வேலை. அந்த அதிர்வை அலைவெண்களாகப் பிரித்துப் பார்க்க, 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வேக ஃபூரியே முறையைத்தான் தினமும் பயன்படுத்துகிறேன். 1,024 புள்ளிகளை நேர்வழியில் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கும் மேல் பெருக்கல்கள். அவர்கள் வழியில் 5,120 போதும். பெரிய கணக்கைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கி இறங்கும் முறை அது. அக்கா என் நோட்டில் இறங்கிவந்த விதமும் ஏறக்குறைய அதுதான்.

அக்கா வேறு ஊருக்கு மாறிப்போனபோது அந்த மேசைக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு எங்களுக்கு இல்லாதது எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறது. இந்திய ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓப்பன்ஹைம் 1987இல் எம்.ஐ.டி.யில் பதிவுசெய்த வகுப்புகளும் கிடைக்கின்றன. கேட்ட நொடியில் விடை எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. அவை நல்லவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது அதே வாக்கியம்தான்: “எல்லாமே விளங்கலக்கா.” நகலெடுத்த விடைத்தாள் எனக்குச் செய்ததை, ஆயத்த விடை இன்று அவர்களுக்குச் செய்கிறது. நிற்கிற இடத்தைத் தேட விடாமல் தாண்டிப் போக வைக்கிறது.

தமிழில் ‘கேள்’ என்பது ஒரே சொல். வினவுவதற்கும் அதுதான், காது கொடுப்பதற்கும் அதுதான். திருக்குறளின் 42ஆம் அதிகாரம் ‘கேள்வி’ என்ற பெயரில் செவிச்செல்வத்தைப் பேசுகிறது. உதவி என்பதில் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் அனுபவத்தில் கண்டேன். கேட்க வருகிற பிள்ளை நான்கு விஷயங்களோடு வர வேண்டும்: கணக்கு என்ன, நான் எதுவரை செய்தேன், எந்த வரியில் நின்றேன், அந்த வரிக்குப் பின் என்ன வரும் என்று நினைத்தேன். இந்த நான்கையும் எழுதும்போதே பாதிக் கணக்குகள் தீர்ந்துவிடுவதை என் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன். மொழியைப் பற்றிக் கூச்சம் வேண்டாம். பின்னமோ பெச்சாஹானோ, வாயில் எது வருகிறதோ அதில் கேட்கலாம்.

படித்து முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய் விடுவதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. உள்ளே போன முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அவர்கள் தனியாக நிற்கிறார்கள். உங்கள் தாமானில், கோயில் மண்டபத்தில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒரு மேசை போடுங்கள். எல்லாப் பாடமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாத இடத்தில், தெரிந்த ஒரு மாமாவிடம் பிள்ளையை அனுப்பலாம். வருகிற பிள்ளையிடம் விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். “எங்கே நின்றாய்?” என்று முதலில் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.